படகின் வயிற்றில் இருந்த தண்ணீர்

தினேஷ் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது மமதாவின் கையில் இருந்தது. உடனே அவரைப் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும் குடும்பத்தில் ஒருவர் ஒரு மாதம் கடலில் இருக்கப் போகிறேன் என்றால், மற்றவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அது தினேஷின் நியாயம். மமதாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"படகு கவுந்தா தானா நிமிரும்னு சொல்றீங்கல்ல? நீ உள்ள உக்காந்திருக்கணும். அது கவுறணும். என் கண்ணு முன்னாடி நிமிரணும். அப்புறம் பேசு."

தினேஷ் பிறந்து வளர்ந்தது பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். அப்பா மாநகராட்சியில் தெரு கூட்டியவர். பள்ளி விட்டதும் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போன பையன், பத்தாவது முடித்ததும் அங்கேயே மெக்கானிக் ஆனார். பிறகு வாடகை சைக்கிள் எடுக்க ஆள் வருவது நின்றது. கடை மூடியது. அவர் கவலைப்படவில்லை. நகரத்தின் சைக்கிள்களெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய் ஜிம் சைக்கிள்கள் ஆகியிருந்தன. தினேஷும் பின்னாலேயே போனார். ஒயிட்ஃபீல்டில் இருந்து ஹெப்பகோடி வரை எந்த அபார்ட்மென்ட் ஜிம்மில் பெடல் கிறீச்சிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். "இவ்ளோ பேர் மிதிக்கிறாங்க, ஒருத்தர்கூட ஒரு அடி நகரல" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அப்படி ஒரு ஜிம்மில், மிதித்த மிதியில் பெல்ட்டை அறுத்துவிட்டு அசடு வழிய நின்றுகொண்டிருந்தவர்தான் நீல். காக்ஸ் டவுன்காரர். விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். தினேஷ் பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் நீல் தன் போனைத் திறந்து ஒரு படகின் படத்தைக் காட்டிவிட்டார். துடுப்பும் இல்லை, இன்ஜினும் இல்லை. நடுவில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் அடியில் விசிறி சுழலும். போர்ட் பிளேரில் இறக்கி, தை மாதக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர வேண்டும். ஒருவர் மிதிக்கும்போது ஒருவர் தூங்கலாம். வரைபடம் என்னிடம் இருக்கிறது, பெடல் தெரிந்த ஆள்தான் இல்லை என்றார் நீல். தினேஷ் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, விசிறிக்குப் போகும் தண்டில் உப்புத்தண்ணீர் ஏறாமல் எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு கூட்டு முடிவாகிவிட்டது.

ஜீவனஹள்ளியில் தினேஷ் வீட்டுத் தெருவிலேயே, நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வேலை ஆரம்பமானது. பிளைவுட்டை விலா எலும்பு மாதிரி வளைத்து நிறுத்தி, மேலே ஃபைபர் துணியை ஒட்டி, பசை பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, ஒன்றரை வருடம் ஓடியது. படகு வளர வளர ஷெட் போதவில்லை. வால் பக்கம் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நிழலில் ஆட்டோக்காரர்கள் மதியம் தூங்கினார்கள். எதிரில் இட்லி வண்டி போடும் சந்திரம்மா காலையில் முதல் ஈடு இறக்கும்போதே வம்புக்கு இழுப்பார். "ஏன்டா தினேஷா, ஒரு மழை பேஞ்சா நம்ம தெருவுலயே ஓட்டிக்கலாமே. அந்தமான் எதுக்கு?"

படகு தானாக நிமிரும் சூட்சுமம் பெரிய விஷயமில்லை. தூங்கும் அறையின் கூரை முட்டை மாதிரி உருண்டையாக, உள்ளே முழுக்கக் காற்றாக இருக்க வேண்டும். அடித்தட்டில் நல்ல கனம் இருக்க வேண்டும். கவிழ்ந்தால், தண்ணீருக்குள் அமுங்கிய காற்று மேலே வரப் பார்க்கும், மேலே போன கனம் கீழே இறங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து படகைப் புரட்டிவிடும். உள்ளே இருக்கும் ஆள் பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும். கனத்துக்காக, வீட்டுக்கு வீடு குடிக்க வாங்கும் பெரிய தண்ணீர் கேன்களையே ரொப்பி, அடித்தட்டுப் பலகைக்குக் கீழே வரிசையாக நாடா போட்டுக் கட்டியிருந்தார்கள். ஹொஸ்கோட்டே பக்கம் தண்ணீர் நிரம்பிக் கிடந்த ஒரு பழைய கல்குவாரியில், ஆளுக்குப் பதில் மணல் மூட்டையைக் கட்டி ஒரு தடவை கவிழ்த்தும் பார்த்தார்கள். தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி படகு அலுங்காமல் நிமிர்ந்தது. கேன்களை இறக்கி ஏற்ற இடுப்பு தாங்காது என்று, அப்படியே லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மமதா வேலை பார்ப்பது கண் ஆஸ்பத்திரியில். நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்காதீங்க, திறக்காதீங்க என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. அவருக்கு முழு ஞாயிறு ஓய்வு கிடைக்க மூன்று வாரம் ஆனது. அது கடும் கோடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கரையில் படகை கிரேன் இறக்கியது. படகைச் சுற்றி ஒரு கயிற்றைக் கொடுத்து, மறு முனையை டிராக்டரில் கட்டினார்கள். தினேஷ் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அறைக்குள் போய் மார்பிலும் இடுப்பிலும் பெல்ட்டை இறுக்கினார். உள்ளே நல்லபடியாக இருந்தால் மூன்று தட்டு தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நீல் மூடியைத் திருகி மூடினார். மமதா கரையில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். டிராக்டர் இழுத்தது.

உலகம் மெதுவாகச் சாய்ந்து, சட்டென்று தலைகீழானது. தினேஷ் வௌவால் மாதிரி தொங்கினார். ஜன்னலில் பச்சைத் தண்ணீர். சட்டைப் பையில் மறந்து வைத்திருந்த சிறிய ஸ்பானர் கழன்று கூரையில் போய் விழுந்தது. இப்போது நிமிரும் என்று காத்திருந்தார். படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. யோசித்த மாதிரி நின்றது. பிறகு பழைய இடத்துக்கே வந்தது. தலையில் ரத்தம் ஏறி காது அடைத்தது. கை தானாக பெல்ட் கொக்கிக்குப் போனது. கழற்றினால் தன் கனமும் கூரையில் விழும், அப்புறம் நிமிரவே நிமிராது என்று அவருக்குத் தெரியும். கையை அங்கிருந்து பிடுங்கி எடுத்து, சுவரில் மூன்று தட்டு தட்டினார்.

கரையில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. நீல் கையசைக்க, கயிற்றை மறுபக்கம் மாற்றிக் கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு மமதாவும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். டிராக்டர் இழுக்கும் கயிற்றில் அவர் பலம் எதற்குப் போதும்? இருந்தாலும் படகு நிமிர்ந்து, மூடி திறந்து, தினேஷ் சிவந்த முகத்தோடு வெளியே வரும்வரை அவர் கயிற்றை விடவில்லை.

நீல் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கேயும் தண்ணீர் புகவில்லை. "அன்னிக்கி வந்துச்சே மச்சா, சேம் போட், சேம் வெயிட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினேஷ் அடித்தட்டுப் பலகையைக் கழற்றினார். நாடாவை அவிழ்த்து முதல் கேனைத் தூக்கியபோது அது பூ மாதிரி கையோடு வந்தது. காலி. அடுத்ததும் காலி. முக்கால்வாசி கேன்கள் காலியாக, மூடி மட்டும் ஒழுங்காக மூடி, வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

"நான்தான் எடுத்தேன்" என்றார் மமதா.

இரண்டு வாரமாக ஜீவனஹள்ளியில் தெருக்குழாயில், அங்கே சொல்கிற மாதிரி நல்லியில், சொட்டுத் தண்ணீர் வரவில்லை. டேங்கர் லாரி பெரிய தெருவோடு திரும்பிவிடும். படகுக்குள்ளே வரிசையாகத் தண்ணீர் இருக்கிறதே என்று, தினேஷ் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மமதா ஒரு கேன் எடுத்தார். இட்லி மாவு கரைக்க வழியில்லாமல் நின்ற சந்திரம்மாவுக்கு ஒன்று கொடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, அந்தப் பக்கத்து வீட்டுக்கு என்று தெருவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டது. இடம் வெறுமையாகத் தெரியக் கூடாதென்று காலி கேனைக் கழுவி, மூடி போட்டு, முன்பு மாதிரியே கட்டி வைத்தார் மமதா. நல்லி வந்ததும் ரொப்பிவிடலாம் என்பது எண்ணம். நல்லி வரவில்லை. கிரேன் தூக்கி ஏற்றியதால் கனம் குறைந்ததும் ஒருவருக்கும் தெரியவில்லை.

"குடிக்கிறதுக்கு எடுத்துட்டுப் போற தண்ணின்னு நெனச்சேன். அதுதான் படகப் பொரட்டும்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொன்னீங்களா? நல்ல தண்ணியான்னு கேட்டேன். ஃபில்டர் தண்ணின்னு பெருமையா சொன்னியே தவிர."

உண்மைதான். ஒன்றரை வருடம் தெரு முழுக்கப் படகுப் பேச்சாக இருந்தும், அந்தத் தண்ணீர் எதற்கு என்று வீட்டில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நீல் தலையைச் சொறிந்தார்.

குவாரித் தண்ணீரையே ரொப்பினார்கள். மமதா ஒவ்வொரு கேனின் மூடியையும் தானே உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். தினேஷ் மறுபடி உள்ளே போனார். டிராக்டர் இழுத்தது. படகு கவிழ்ந்தது, அடிவயிற்றை ஒரு கணம் வெயிலுக்குக் காட்டியது, சிலிர்த்த மாதிரி ஒரு தரம் நடுங்கி நிமிர்ந்து நின்றது. உள்ளே இருந்து மூன்று தட்டு கேட்டது. நீல் சிலுவை போட்டுக்கொண்டார்.

தினேஷ் கரையேறி மமதாவைப் பார்த்தார். மமதாவோ நீலிடம் திரும்பி, கடலில் இந்தக் கேன் தண்ணீரைக் குடிக்க மாட்டீர்களா என்று கேட்டார். அவசரத்துக்குக் குடிப்போம், ஆனால் ஒரு கேன் காலியானால் அந்த நிமிடமே கடல் தண்ணீரை ரொப்பிக் கட்டிவிட வேண்டும், அதுதான் சட்டம் என்றார் நீல்.

"யாரு ரொப்புவா? இந்த ஆளா?" மமதா சிரித்துவிட்டார். "நீல் அண்ணா, கல்யாணமாகிப் பதினாலு வருசம். ஃப்ரிட்ஜுல பாட்டில எடுத்துக் குடிச்சிட்டுக் காலி பாட்டில உள்ளயே வைக்கிற ஆளு இது. படகு பாஸாயிடுச்சி. இவரு இன்னும் ஆவல."

அதோடு சரி.

மறுநாளிலிருந்து தினேஷ் தண்ணீர் குடித்தால் பாட்டிலை ரொப்பி வைத்தார். முதல் வாரம், ரொப்பிவிட்டு மமதா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். மமதா பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் திரும்பிப் பார்ப்பது நின்றது. ஜிம்மில் வேலை முடித்துக் கிளம்பும்போது, அங்கே யாரோ குடித்து வைத்த ஜாடியைக்கூட ரொப்பி வைத்துவிட்டு வந்தார். தாகத்தோடு பாதி ராத்திரியில் எழுந்தாலும், கண்ணை மூடிக்கொண்டே ரொப்பினார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை. சந்திரம்மாவிடம் வாங்கிய இட்லியைத் தட்டில் வைத்தபடி மமதா கேட்டார்:

"சென்னையில எங்க வந்து ஏறுவீங்க? மெரினாவா, காசிமேடா?"

தினேஷ் சட்னியில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்தார். காற்றைப் பொறுத்தது, அநேகமாகக் காசிமேட்டுத் துறைமுகம் என்றார்.

"நேரமே சொல்லிடு. ஆஸ்பத்திரியில லீவு எழுதணும். இல்லன்னா நான் பாட்டுக்குப் போய் மெரினாவுல நின்னுட்டு இருக்கப் போறேன்."