குருடன் காட்டிய திசை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது நடுநிசியில் இல்லை. பட்டப்பகலில், ஒரு வியாழக்கிழமை, என் கண்முன்னால் நடந்தது.

செல்போன் டவர் ரிசீவர்களைச் சோதிப்பது என் வேலை. அதே கம்பெனியில் என் தம்பி சோதனை வேன் ஓட்டினான். போனும் கையுமாக ஊர் சுற்றுவான். எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போவான். அவன் காணாமல் போய் அன்றோடு மூன்று நாள். விடாத மழை. அவன் போன் செத்துக் கிடந்தது. அவன் போக வேண்டிய வடக்குச் சாலையில் போலீஸ் சல்லடை போட்டுத் தேடியது. வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

எட்டு ஆன்டெனா வைத்த புது ரிசீவர். நாங்கள் வைத்த பெயர் குருடன். ஒவ்வொரு போனும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்துத் தன் பேச்சை இரைச்சலாகப் பரப்பிவிடும். அந்தக் குறியீட்டை மட்டும் கொடுத்தால் போதும். போன் எந்தத் திசையில் இருக்கிறது என்று குருடன் தானே துழாவிக் கண்டுபிடித்துவிடும்.

முதலில் எப்போதும் வெற்று அறைச் சோதனை. எல்லாப் போனையும் வெளியே வைத்துவிட்டு இரும்புக் கதவைச் சாத்துவோம். சுவரெல்லாம் கரும்பஞ்சு. வெளி அலை ஒரு பொட்டுகூட நுழையாது. குருடன் பூஜ்ஜியம்தான் காட்ட வேண்டும்.

3:50. கதவைச் சாத்தினோம்.

217 டிகிரி என்றது குருடன். தென்மேற்கு.

"மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று கூட இருந்த ஒயர்மேன் அண்ணன் சிரித்தார்.

திரையைப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். போன வாரம் சோதித்த போனின் குறியீட்டை அழிக்க மறந்திருந்தேன்.

"அண்ணே... இது தம்பி போனு."

அவர் சிரிப்பு நின்றது. "அது மூணு நாளா ஆஃப். இந்தக் கதவைத் தாண்டி எப்படிம்மா வரும்?"

4:04. சிக்னல் அளவு ஏறியது. எழுந்துபோய் 217-க்கு நேரே சுவரை மறைத்து நின்றேன். சட்டென்று இறங்கியது. விலகினேன். மறுபடி ஏறியது.

4:09. ஸ்பீக்கரில் ஒரு சத்தம். டக்... டக்... டக்... யாரோ தகரத்தை நகத்தால் தட்டுகிற மாதிரி.

"அணைச்சிரும்மா..." என்றார் அண்ணன்.

தம்பி என்று தெரிந்தும் பயந்தேன்.

4:12. அணைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் வேன் கிடைத்தது. வடக்கே இல்லை. தென்மேற்கே, ஒரு கால்வாய்க்குள், தலைகீழாக.

வேன் விழுந்த அன்றே போன் நொறுங்கிவிட்டதாம். தம்பி மட்டும் கால் மாட்டிக்கொண்டு வியாழன் வரை உயிரோடு இருந்திருக்கிறான்.

அவன் கையில் அந்தத் தாள் இருந்தது. கடைசி மூன்று வரிகள்...

3:50 – அக்கா கண்டுபுடிச்சிட்டா.

4:04 – குறுக்கே நிக்கிறா.

4:12 – அணைச்சிட்டா.