மாமாவின் மேல் போட்ட பெட்டிசம்

ஒருவர்மேல் முறைப்பாடு வந்தால், அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த விதியை மற்றவர்களுக்கு ஓதிக்கொண்டிருந்தவள் நான். பத்து வயதில் என் மாமாவுக்கு எதிராகப் பெட்டிசம் எழுதியபோது மட்டும் அது எனக்குத் தெரியாது.

மாமா, அம்மாவின் தமையன். தெற்கே காலி நகரத்தில் இருந்த கடையை விற்றுவிட்டு மண்கும்பானில் எங்களோடு வந்து தங்கினார். அப்பொழுது எங்கள் நாய் ரைகருக்குப் பன்னிரண்டு வயது. பின்கால் மூட்டுகள் விறைத்து, காலையில் எழும்புவதற்கு இரண்டு மூன்று தடவை முயற்சி செய்யும். வந்த முதல் கிழமையே மாமா அதன் சோற்றைப் பாதியாக்கினார். "இதுக்கு இனி உவ்வளவு சோறு தேவையில்லை" என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வியாபாரி அல்லவா, உதவாத சரக்கில் செலவைக் குறைக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அன்றே கண்காணிப்பைத் தொடங்கினேன். விறாந்தையின் வழுக்கும் சீமெந்தில் மாமா சாக்கு விரித்தார். உப்பை வறுத்துத் துணியில் பொட்டலமாகக் கட்டி, முதலில் தன் முழங்காலில் நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, பிறகு ரைகரின் இடுப்பில் வைத்து ஒற்றினார். அவ்வளவு நேரம் சூடு பார்ப்பவர், சுட வேண்டும் என்றுதானே பார்க்கிறார்? படியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். அது எதற்கென்று தெரியவில்லை. தெரியாததால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, காலைதோறும் ரைகரைக் கயிற்றில் பிடித்துக் கடலுக்குக் கொண்டுபோய், நனைந்த நாயோடு திரும்பினார். பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கடலில் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். சாக்கு இருந்தது, கயிறு இருந்தது, கடலும் இருந்தது. மாமா ஒத்திகை பார்க்கிறார்.

பெட்டிசம் போடுவது எங்கள் பக்கத்தில் புதுமையல்ல. ஆனால் பெரியவர்கள் அதில் பெயர் போடமாட்டார்கள். நான் பெயர், வகுப்பு, விலாசம் எல்லாம் போட்டு, பட்டணத்து மிருக வைத்தியருக்கு எழுதித் தபாற்பெட்டியில் போட்டேன். முத்திரை ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த நாள் மாமா கயிற்றை எடுத்தபோது, ரைகரைக் கட்டிப்பிடித்து விடமாட்டேன் என்று அழுதேன். காரணம் சொல்லவில்லை. விசாரணைக்கு முன்னர் சாட்சியத்தை வெளியிடலாமா? "அண்ணை, பிள்ளை அழுறாள். கொஞ்ச நாளைக்கு விடுங்கோவன்" என்றார் அம்மா. மாமா கயிற்றை ஆணியில் மாட்டினார். நான் ரைகரை வாசல் படலையடியில் கட்டி, வயிறு முட்டச் சோறு வைத்து, காவல் இருந்தேன்.

ஐந்தாம் நாள் ரைகர் எழும்பவில்லை. முன்கால்களை ஊன்றிப் பார்த்தது. பின்பக்கம் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. என்னைக் கண்டு வாலை மட்டும் ஆட்டியது.

சந்தேக நபரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வேறு ஆளில்லை. மாமா உப்புப் பொட்டலத்தோடு வந்து, படலையைப் பிடித்து மெல்ல மெல்லக் குந்தி, ஒத்தடம் கொடுத்தார். பிறகு சாக்கை ரைகரின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம். எழும்பியது. இடையிடையே நின்று நின்று கடற்கரைக்குப் போனோம். கயிற்றை நான் கொடுக்கவில்லை.

தண்ணீர் நெஞ்சளவு வந்ததும் ரைகர் குட்டிநாய் போல நடந்தது. "பார், பாரத்தைத் தண்ணி தாங்குது. தரையிலை எல்லாத்தையும் கால்தான் தாங்கவேணும். அதுக்குத்தான் சோத்தையும் குறைச்சனான்" என்றார் மாமா. பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார்: "உம்மடை கடிதத்துக்கு முத்திரை இல்லையெண்டு தபால்காரன் என்னட்டைத் தந்தவன். ஒட்டி அனுப்பியிருக்கிறன். ஆனா என்னட்டையும் ஒருக்கால் கேட்டிருக்கலாம், பிள்ளை."

வாசித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ரைகர் அதன்பிறகு ஒன்றரை வருடம் இருந்தது. காலைதோறும் மூவரும் போனோம். நாய்க்கு ஏலாது என்று சொல்லி மாமா வழியில் அடிக்கடி நிற்பார். அந்த நாய் சில வேளைகளில் எங்களுக்கு முன்னே போய், திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். அது செத்த பிறகும் மாமா கடலுக்குப் போவதை விடவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு வருவார். நாயே இல்லை, இன்னும் எதற்கு இந்த ஆமை நடை என்று எனக்குச் சினம் வரும். "மாமா, கெதியா வாங்கோ" என்பேன். "ரைகர் பழக்கின நடை" என்பார்.

கடைசியில், இரண்டு மூன்று அரசாங்கக் கந்தோர்களின் முத்திரை குத்திய பதில் என் பெயருக்கு வந்தது. நாயை நேரில் கொண்டுவரும்படியும், எதிர்த்தரப்பாரின் விளக்கத்தைப் பெற்று இணைக்கும்படியும் எழுதியிருந்தார்கள். மாமா கதிரையில் இருந்து அதை வாசித்தார். முழங்காலில் உப்புப் பொட்டலம் இருந்தது.

"என்ரை விளக்கத்தை இப்ப தரட்டோ?" என்று கேட்டார்.

நாய் இல்லையே, இனி எதற்கு என்றேன். அவர் பொட்டலத்தை எடுத்து மற்ற முழங்காலில் வைத்துக்கொண்டார். அன்று ரைகர் செத்து முப்பத்தோராம் நாள்.