வாய் திறக்காத மருமகள்

சந்தை நிறுத்தம் வந்தால் வெனேரா அதன் பெயரைச் சொல்ல மாட்டாள். மற்ற நிறுத்தங்களையெல்லாம் ஒலிபெருக்கியில் கணீரென்று சொல்லுகிற டிராம் ஓட்டுநர், அங்கே மட்டும் கதவைத் திறந்துவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் மலையடி நகரமான விளாடிகாவ்காஸின் பயணிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. டிராம் கொஞ்சம் தாமதமானாலும் ஓட்டுநரின் ஏழு தலைமுறையை இழுப்பார்கள். இதற்கு மட்டும் ஒருவரும் முணுமுணுத்ததில்லை. போன வருஷம் அந்தச் சந்தையில் வெடித்த குண்டில் அவள் மகள் அகுந்தாவும் செத்துப்போனாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அகுந்தாவுக்கு இருபது வயது. மருந்துக்கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மாவின் டிராமாகப் பார்த்து ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நின்று, அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். "ரோட்டைப் பார்க்க விடுடி" என்று வெனேரா அதட்டுவாள். இப்போது ரோட்டைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. அரசாங்கம் சுவரில் பதித்த வெண்கலப் பலகையோ, அமைச்சர் வந்து சொன்ன ஆறுதலோ அவளுக்கு வேண்டாம். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வேண்டும்.

குண்டு வைத்தவன் அங்கேயே செத்துவிட்டான். ஆனால் எங்கள் மலைச்சீமையில் ரத்தப் பகை ஆளோடு போவதில்லை, அது வீட்டைச் சேர்ந்தது. அவனுடைய தம்பி பஷீர், எங்கள் ஒசேத்தியாவின் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்குஷ் மக்களின் ஊரொன்றில் டயர் கடை வைத்திருக்கிறான். வெனேராவின் மகன் தைமுராஸ் எங்கோ ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. பெற்றவளுக்குச் சொல்லவா வேண்டும்? வருஷத் திவசத்துக்காகக் காத்திருக்கிறான், அது முடிந்ததும் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அகுந்தா செத்த நாற்பதாம் நாள் விருந்தில் ஆண்கள் எல்லோர் முன்னாலும் ஹரித்தோன் அவளைக் கேட்டார், "பெத்தவ நீ. பழி வாங்கணுமா வேண்டாமா, என்ன சொல்றே?" ஹரித்தோன் அவளுடைய செத்துப்போன கணவனின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர். வெனேரா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனின் அண்ணன் எதிரில் ஒசேத்தியா மருமகள் வாய் திறப்பதில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பகலெல்லாம் ஊரையே விரட்டி ஏற்றி இறக்குகிற வெனேரா மட்டும், கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. உப்பு வேண்டுமா என்பதைக்கூடப் பிள்ளைகளை விட்டுத்தான் கேட்பாள்.

அன்றைக்கு அவள் வாயை அடைத்தது வழக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குண்டு வைத்தவன் வீட்டில் இன்னொரு இழவும் விழட்டும் என்று அவளும் உள்ளுக்குள் விரும்பினாள். ஒளிந்துகொள்ள வழக்கம் வசதியாக இருந்தது.

திவசத்துக்கு முந்தின வாரம், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி. தொலைக்காட்சியில் அவள் முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். குண்டு வைத்தவனின் தாய் ஆசெத்.

"எறங்கு. இதுக்கு மேல தண்டவாளம் இல்ல" என்றாள் வெனேரா.

ஆசெத் எழுந்து வந்து, தலைத்துணியை அவிழ்த்து வெனேராவின் காலடியில் போட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தலைத்துணியைச் சண்டைக்குக் குறுக்கே எறிந்தால், ஓங்கிய கத்தியும் உறைக்குள் போயாக வேண்டும்.

வெனேரா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "இதெல்லாம் ஆம்பளைங்க சண்டைக்கு. பொம்பளை முன்னாடி போட்டு என்ன பிரயோசனம்? எங்க வீட்டு ஆம்பளைங்ககிட்டப் போ."

"போனேன். உங்க பெரியவர் உள்ள விடல. ஆனா வாசல்ல நின்னு மரியாதையாத்தான் பேசினார். 'எங்களுக்கு ஆசை இல்லம்மா. செத்த புள்ளையோட தாய்கிட்டக் கேட்டேன், அவ வேண்டாம்னு சொல்லல. அதுக்கு மேல நான் யாரு'ன்னார்."

வெனேராவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வாய் திறக்காததைத்தான் அவர்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிக்கச் சொல்லல" என்றாள் ஆசெத். "என்னாலயே அவனை மன்னிக்க முடியல. இருக்கற ஒருத்தனை விட்டுடச் சொல்லுங்க."

"என் பொண்ணைக் குடு, சொல்றேன்."

டிராம் திரும்பிக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. "துணியை எடுத்துக் கட்டு, காத்தடிக்குது" என்று சொல்லிவிட்டு வெனேரா தன் இருக்கைக்குப் போனாள். வழியெல்லாம் அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அகுந்தா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். வெனேராவுக்கு அவளைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாம் போல இருந்தது.

வீட்டில் ஹரித்தோனும் தைமுராஸும் திவச விருந்துக்கு மாடு வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெனேரா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, நான் பேசணும்" என்றாள்.

ஹரித்தோன் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார். அவள் குரல் தனக்கு நேராக வந்து அவர் கேட்டதே இல்லை.

அவள் மகனைப் பார்த்தாள். "பஷீர் காலையில எப்போ கடை திறக்கறான்?"

தைமுராஸ் திகைத்தான். பிறகு மெதுவாக, எட்டு மணிக்கு என்றான். மத்தியானம் எங்கே சாப்பிடுவான் என்றாள். பக்கத்துக் கடையில், நின்றுகொண்டே சாப்பிடுவான் என்றான். அவன் எந்தக் காலைச் சாய்த்து நடப்பான் என்பதுகூடப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

"சரி. உன் தங்கச்சி எப்படிச் சிரிப்பா? சொல்லு."

தைமுராஸ் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றான். கண் கலங்கியது. "கல்லறைக் கல்லுல இருக்கற படம்தான் வருதும்மா. வேற எதுவும் வரல."

"வராது. ஒரு வருஷமா அவனையேதானே நெனச்சுக்கிட்டிருக்கே. அவளை நான் ஒருத்தியாத் தனியா நெனச்சுக்கிட்டிருக்கேன், முடியலடா." அவள் ஹரித்தோன் பக்கம் திரும்பினாள். "நான் யாரையும் மன்னிக்கல, மாமா. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இவன் போக வேண்டாம். இவனும் போயிட்டா அவளைப் பத்தி நான் யார்கிட்டப் பேசுவேன்?"

ஹரித்தோன் மடியிலிருந்த ஈரத்தைத் துடைத்தார். பிறகு, மருமகளின் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். "சின்னதுல அகுந்தா இந்த மேசைக்கு அடியில வந்து உக்காந்துக்கும். நான் எழுந்திரிக்கும்போது பூட்ஸ் கயிறு ரெண்டும் ஒண்ணாக் கட்டியிருக்கும். ஒரு தடவை கல்யாண வீட்டுலயும் கட்டிட்டா, அத்தனை பேர் முன்னாடி விழுந்தேன்."

தைமுராஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "அந்த முடிச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன், பெரியப்பா" என்றான் உள்ளிருந்து. "உங்க கண்ணுல படாம வெளியில ஓடினோம். அவளுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்துடுச்சு. விக்கல் நிக்கவே இல்ல."

வெனேரா நாற்காலியை இழுத்துப் போட்டு, பெண்கள் உட்காராத ஆண்களின் மேசையிலேயே உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.