வேலியோரத்தில் கேட்கிறதா?

நான்கு ஸ்பீக்கர் பாக்ஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டியாயிற்று. இனி இடத்தைச் சுற்றி வராமல் தர்மராஜ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பத்தடிக்கு ஒருமுறை நின்று காதைச் சாய்க்கிறார். ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு முந்திரித்தோப்பில் காதுகுத்து. வந்த சனமெல்லாம் பந்தியை மறந்து இந்த மைக்செட்காரரை வேடிக்கை பார்க்கிறது.

"வரிசையா வெச்சா எடுப்பா இருக்குமுல்லங்க?" என்றார் விசேஷ வீட்டுக்காரர்.

"எடுப்பா இருக்கும். ஆனா ஒண்ணோட சத்தத்த ஒண்ணு தின்னுடும். நடுவுல பேஸு தும்தும்முன்னு நெஞ்ச இடிக்கும், ஓரத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் வெளங்காது. மேல மேல அடுக்குனாத்தான் ரெண்டு பக்கமும் சரியாப் பரவும்."

பதினைந்து வருடத் தொழிலில் தெரிந்துகொண்டது. தெரிந்தும் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தார். மூன்று பொங்கலுக்கு முன் ஒரு ஊர் ஜல்லிக்கட்டு. போட்டோவில் பாக்ஸெல்லாம் வரிசையாகத் தெரியவேண்டும் என்றார்கள் விழாக்காரர்கள், பரப்பி வைத்தார். பேஸைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினார். வாடிவாசலுக்கு வருமுன்பே ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தர்மராஜ் மைக்கைப் பிடுங்கி, "காளை வருது, ஒதுங்குங்க!" என்று கத்தினார். நடுவில் நின்ற கூட்டம் சிதறியது. வேலியோரத்தில் அவர் தம்பி பிரசாத், முதுகைக் காட்டிக்கொண்டு கடலை கொறித்தபடி நின்றான். பெயர் சொல்லியும் கத்தினார்.

"திரும்பக்கூட இல்லைங்க அவன்" என்பார், யார் கேட்டாலும்.

மாடு முட்டிச் செத்தான் என்றுதான் ஊர் பேசுகிறது. ஒருவர்கூட இவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. யாராவது சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால், மனிதர் அழுதாவது தீர்த்திருப்பார்.

மைக்கில் பேசிக் காட்டுவது அவர் மனைவி மலர்கொடி. கல்யாணமோ காதுகுத்தோ, "ஹலோ, மைக் டெஸ்டிங்" எல்லாம் கிடையாது. அன்று அவர் கத்திய அந்த ஒரே வாக்கியம்தான். அபசகுனம் என்று பாதி ஊர்க்காரர்கள் இவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

"நல்லநாளும் அதுவுமா வேணாங்க" என்று இன்றும் கெஞ்சினாள்.

"சொல்லு."

தோப்பின் கடைசி வேலிக்குப் போனார். முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கினார்.

"காளை வருது... ஒதுங்குங்க," என்றாள் மலர்கொடி. ஒரு எழுத்து சிதறாமல் வேலிவரை வந்து விழுந்தது.

ஆளில்லாத அந்த ஓரத்தில், தர்மராஜ் இரண்டடி தள்ளி ஒதுங்கி நின்றார்.