ஓராள் வள்ளம்

கடற்கரை ஊரான மண்கும்பானில் பிறந்து வளர்ந்தும் நான் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவள் அல்ல. எங்களுடையது பயிர் செய்யும் தோட்டக்காரக் குடும்பம். கடல் எங்கள் வீட்டுக்குள் மீனாக மட்டுமே வந்தது. பிள்ளைகள் கனடா போய், கணவரும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு பின்னேரங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைக்காட்சியோடு சண்டை பிடித்து அலுத்துப்போய், துடுப்புப் பிடித்து வள்ளம் வலிக்கப் பழகுவதென்று முடிவெடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியை மூடி, உல்லாசப் பயணிகளுக்காக வைத்திருந்த பிளாஸ்ரிக் வள்ளங்களை விற்றார்கள். ஒல்லியான சிவப்பு வள்ளத்தில்தான் எனக்குக் கண். விற்றவர் தலையாட்டி மறுத்தார்.

"அது நல்லா ஓடும் அம்மா, ஆனா கெதியிலை பிரண்டு கவிழும். புதுசாப் பழகிற ஆக்களுக்கு அகலமானதுதான் சரி. ரெண்டு பேர் இருக்கிறது தரட்டோ?"

"ஓராள் இருக்கிறதே எனக்குக் காணும்" என்றேன். அகலமானதில் ஓராள் வள்ளமாகப் பார்த்துக் காசைக் கொடுத்தபோதும் கண் அந்த ரெண்டு பேர் வள்ளத்துக்கே போனது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கரையோரமாகவே பழகினேன். கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறவர்கள் யாரும் எங்கே போகிறேன் என்று கேட்டதில்லை. கடலுக்குப் புறப்படுகிற ஆளிடம் அப்படிக் கேட்பது சகுனப் பிழை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்க ஒரு நாதியில்லையே என்று மனம் புழுங்கியது.

தை மாதத்தில் ஒரு நாள் கடல் தகடுபோல் கிடந்தது. கரையில் காற்றில்லை என்றால் கடலிலும் இல்லை என்று என் தோட்டக்காரப் புத்தி சொன்னது. கரையில் அடர்ந்த பனங்கூடல் வடக்கிலிருந்து வந்த வாடைக்காற்றை மறைத்துக்கொண்டு நின்றதை நான் யோசிக்கவில்லை. கொஞ்சம் வெளியே போனதும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. திரும்பி எவ்வளவு வலித்தும் கரை சின்னதாகிக்கொண்டே போனது. நான் கவிழ்ந்தால், கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரும்வரை ஒருவருக்கும் தெரியாது. சாவதைவிட அதுதான் என்னை உலுக்கியது.

அப்போது ஒரு இயந்திரப் படகு நேரே என்னிடம் வந்தது. வலை பொத்துகிறவர்களில் ஒருவர்தான். கயிற்றை எறிந்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? வாடைக்குள்ளை இவ்வளவு வெளியிலை வருவினமே? ஒவ்வொரு நாளும் நீங்கள் கரையேறினாப் பிறகுதான் நாங்கள் வீட்டை போறனாங்கள். தெரியுமோ?"

கரை வரும்வரை ஏசிக்கொண்டே இழுத்துப்போனார். என்னை யாரும் ஏசிக் கனகாலம் ஆயிற்று. கயிற்றைப் பிடித்தபடி அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார்.

'நிப்பாட்டாதையும் தம்பி, இன்னும் ஏசும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.