கைக்குள் ஓடிய நிட்டிங்

கையில் மாவுக்கட்டோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னது புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மூன்று வாரம் கூடுதலாகக் கட்டோடு கிடந்தேன்.

அவிநாசி ரோட்டில் ஓர் எருமைக்கு வழிவிடப்போய் வண்டியோடு சாய்ந்தேன். வலது கையில் ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) முறிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. மிஷினில் ஊசி ஒடிந்தால் பனியன் துணியில் ஒரு கோடு விழும். அதே கோடு.

திருப்பூரில் நிட்டிங் என்றால் பனியன் துணி ஓட்டுகிற கம்பெனி. பதினோரு வருஷமாக அங்கே நான் ஃபிட்டர். ஊசி மாற்றுவது என் கைதான். முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

நான்காவது வாரம், சென்னையிலிருந்து புதிதாக வந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நிட்டிங் நல்லா போயிட்டிருக்கு. கவலையே வேண்டாம்."

எனக்குத் திக்கென்றது. "நானில்லாமயுங்களா?"

"நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். அது பாட்டுக்கு நடக்கும்."

போச்சுடா! முதலாளியும் சர்க்கரைக்கு இதே ஆஸ்பத்திரிதான். அவர் வாயிலிருந்துதான் விஷயம் வந்திருக்க வேண்டும். என் மனைவி சரசு மாத்திரை வாங்க நின்ற நேரத்தில் கம்பெனிக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே என் மிஷின் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. யாரையும் போடவில்லை! அந்தச் சந்தோஷத்தில் கட்டுக்கையாலேயே ஸ்பேனரைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். வலியில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து மிஷினையும் நிறுத்திவிட்டார்கள்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்குக் கோபம். "யார் உங்களை வேலைக்குப் போகச் சொன்னது?"

"நீங்கதானுங்களே, நானில்லாம நிட்டிங் நல்லா போகுதுன்னீங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எலும்பு ஒட்டுறதைத்தாங்க நிட்டிங்னு சொன்னேன்!" முறிந்த இடத்தில் கேலஸ் (புதிதாய்ப் படரும் இளம் எலும்பு) கட்டிக்கொண்டு வந்ததாம். அதைத்தான் நான் ஸ்பேனரால் அசைத்திருக்கிறேன். இனி மணிக்கட்டு முழுசாகத் திரும்புமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, மிஷினு உங்க கைக்குள்ளயே ஓடுதாமா. அதையாச்சும் நோண்டாம இருங்க."

அப்போதெல்லாம் தினமும் கரண்ட் போகும். தெருவில் அத்தனை மிஷினும் நின்றுவிடும். மடியில் கிடக்கும் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது மட்டும் நிற்காது. இதற்கு ஷிப்டு கிடையாது, ஸ்பீடு கூட்டவும் முடியாது. நான் தொடாமல் ஓடினால்தான் உருப்படும் என்ற மிஷினை அதுவரை நான் கண்டதில்லை.

கட்டுப் பிரித்து, பயிற்சியெல்லாம் முடித்துப் போய் முதல் ஊசியை மாற்றினேன். மணிக்கட்டு தயங்கியது, பிறகு திரும்பியது. துணியில் கோடு விழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நூல் இறக்க வந்த டிரைவர் கேட்டார்: "இத்தன நாளா எங்கீங்க, ஆளையே காணோம்?"

"நிட்டிங்லதானுங்க இருந்தேன்," என்றேன்.