ஷரீஃபாவின் வீங்காத கை

ஷரீஃபா பச்சைமிளகாயைக் கிள்ளி, இடது முன்கையில் ஊசி போட்ட இடத்தில் மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள். நன்றாகச் சிவந்தது. வீங்க மட்டும் மாட்டேன் என்றது.

"அந்தக் கை ஒனக்கு என்ன பண்ணுச்சு புள்ள?" என்று கேட்டார் கணவர் அப்துல் கய்யூம். காஜா பெராங் தெருவில் தொப்பி தைத்து விற்பவர். வெல்வெட்டுத் துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஊசி பிடிக்கலையே மச்சான். இன்னும் ஒரு மணி நேரத்துல போய்க் காட்டணும்."

அது 1937, மலாய் நாடு. தாயில்லாப் பிள்ளைகள் விடுதியில் இரண்டு ஆயாக்கள் தேவைப்பட்டார்கள். காசநோய்ச் சோதனை ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கையைக் காட்டித் தேற வேண்டும். ஷரீஃபாவுக்குப் பிள்ளை இல்லை. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் அவள் இடுப்புக்கு வந்துதான் ஓயும். ஊசி போட்ட அன்றே அவள் மனசுக்குள் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

ஊசி என்றால் அவளுக்குத் தெரிந்தது அம்மை குத்துவதுதான். புண்ணாகித் தழும்பு விழுந்தால் பிடித்தது என்று அர்த்தம். விழாவிட்டால் மறுபடி குத்துவார்கள். அவள் தோளில் மூன்று தழும்பு, மூன்றும் பெரிசு. இந்தத் தடவை மீனாச்சி முந்திக்கொண்டாள். தமிழை மறந்து மலாய் பேசும் கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரி. அதே வேலைக்காகக் கூடவே ஊசி போட்டுக்கொண்டவள். புளியங்கொட்டை அளவுக்கு எழும்பியதை வீடு தேடி வந்து காட்டிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஊசி குத்தும் டிரெஸர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். ஷரீஃபாவின் கையைப் பிடித்தவர் முகர்ந்து பார்த்தார்.

"என்ன பூசினனீங்கள்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"மணக்குது."

"பச்சமொளகா. லேசாத்தான்."

"பொரிக்கிற யோசனையோ?"

"வீங்கட்டும்னுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"சிவப்பை நான் அளக்கிறேல்லை. தோலுக்குள்ளை கெட்டியாய் எழும்பினால்தான் கணக்கு. உங்களுக்கு ஒண்டுமில்லை."

ஷரீஃபா மறு கையை நீட்டினாள். "இதுல ஒரு தடவை குத்திப் பாருங்கய்யா."

"இது அம்மைப்பால் இல்லை, பிள்ளை. எழும்பாததுதான் நல்லது. கிருமி உங்களிலை இன்னும் ஏறேல்லை எண்டு எழுதுறன். நாளைக்கு வேலைக்குப் போங்கோ."

அடுத்து மீனாச்சி. பெருமையாகத்தான் கையை வைத்தாள். அவர் அளவுகோலை வைத்து இரண்டு தடவை அளந்தார். எழும்பாததுதான் நல்லதாம் என்று ஷரீஃபா அதற்குள் அவளிடம் மலாயில் சொல்லிவிட்டிருந்தாள்; மீனாச்சியின் முகம் வெளுத்துப்போயிற்று. அம்பலவாணர் தன் சட்டைக்கையை மடித்துக் காட்டி, அவரும் மலாயிலேயே சொன்னார்: தனக்கும் இப்படித்தான் கெட்டியாக எழும்பியது. கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். நோய் இருக்கிறதா என்று நெஞ்சைப் படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். அப்படி எழும்பியும் நோய் ஒன்றும் வராமல் இருபது வருஷமாக அவர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பும் வழியில் ஷரீஃபா சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. மீனாச்சியின் கூடையையும் தானே தூக்கிவந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷரீஃபா விடுதிக்குப் போனாள். ஒன்பது பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சொன்னார்கள், குளிப்பாட்டினாள். பத்து மணிக்கு மீனாச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அவளையும் திங்கட்கிழமை விடுதி வேலைக்கு வரச் சொன்னார்கள். அப்துல் கய்யூம் மத்தியானச் சோற்றைத் தானே வடித்துக்கொண்டார்.